முத்தாயி அம்மாளின் கத்தரிக்காய்த் துவையல்

கடல் கடந்து வந்த தமிழருக்குள் சைவ நெறியைக் கரண்டி கொண்டு காத்தவர் முத்தாயி அம்மாள் ஒருவரே.

அம்மாள் இறந்ததும் அவர் மேல் பாடி அச்சான சரமகவியின் முகவுரை இப்படித்தான் தொடங்கியது. எழுதியவர் அம்மாளின் ஒரே மகன், கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நமசிவாயம் பிள்ளை. பாட்டுகளுக்கு ஒரு புலவரைப் பிடித்திருந்தார். 'புலால்வாடை அறியா அடுக்களைப் பொற்கொடி' என்ற மூன்றாம் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் பிள்ளைக்குக் கண் கலங்கும். அந்தப் பொற்கொடியைப் பாடையில் தூக்கிய எட்டுப் பேர் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை தோள் மாற்றியிருந்தார்கள்.

கண் கலங்க இன்னொரு காரணமும் உண்டு. தாயார் போனதிலிருந்து பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி பூவம்மா எதை வைத்தாலும் இரண்டு வாயோடு எழுந்துவிடுவார்.

பதினாறாம் நாள் விருந்துக்குச் சைவ சபையார் முப்பது பேர் வருவதாக இருந்தது. வெள்ளிதோறும் சபைக் கூட்டம் பிள்ளை வீட்டில்தான். கூட்டம் எதற்கென்பதை மறந்தாலும், முடிவில் வரும் கத்தரிக்காய்த் துவையலை யாரும் மறந்ததில்லை. பிள்ளை கண் வைத்திருந்த சபைக் காரியதரிசி பதவி வேறு காலியாகியிருந்தது. "ஆத்தா துவையலைப் பந்தியிலே போட்டிருங்க தம்பி, மத்ததை அப்புறம் பேசிக்குவோம்" என்று சபைத் தலைவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விருந்துக்கு முதல் நாள் காலையில் பிள்ளை அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பூவம்மா, நாளைக்கு ஆத்தா துவையல் வேணும். அதே ருசி."

"வேணாங்க. கூட்டு வச்சிடறேன்."

"பத்தொன்பது வருசம் பக்கத்துல நின்னு என்னத்தைக் கத்துக்கிட்டே?"

அது தைத்துவிட்டது. பூவம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எல்லாம் கத்துக்கிட்டேன். அத்தை அதுல பிளாச்சான் போடுவாக."

கூனி இறாலை இடித்துப் புளிக்கவைத்து மலாய்க்காரர்கள் காயவைக்கும் கட்டி அது. அந்த வாடை தாங்காமல், பக்கத்து வீட்டு அப்துல் கஃபார் ராவுத்தர் மேல் முனிசிபாலிட்டிக்கு இரண்டு முறை மனு எழுதியவர் பிள்ளை.

"ராவுத்தர் வீட்டு வாடைய ஆத்தா தலையில கட்டாதே!"

"அவுக வீட்டுல அது யாருக்கும் ஒத்துக்காதுங்க. வாடை நம்ம அடுப்புலேர்ந்துதான் போச்சு."

பிள்ளை அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"ஆத்தாவா செஞ்சாக?"

"கப்பல்ல வந்து எறங்கின புதுசுல நீங்க சோத்தைத் தொடவே இல்லையாம், எலும்பும் தோலுமா கெடந்தீகளாம். பின்சந்துல கூடையோட வந்த மலாய்க்காரம்மா ஒரு துண்டு குடுத்திருக்கா. அரைச்சுப் போட்டதும் நீங்க வட்டிலை வழிச்சு நக்கினீகளாம். அப்புறம் அத்தை எந்தச் சாமியைக் கேப்பாக?"

பிள்ளை மூட்டையிலிருந்து எழுந்தார்.

"நாளைக்கு அது இல்லாம அரை" என்றார்.

பூவம்மா அப்போதே கத்தரிக்காயைச் சுட்டு, மிளகாயும் புளியும் வைத்து அரைத்து, ஒரு உருண்டையை நீட்டினாள். பிள்ளை வாயில் போட்டார். மென்றார். சபைத் தலைவரின் முகத்தை நினைத்துப் பார்த்தார்.

"எங்கே கிடைக்கும் அது?"

"கூடைக்காரம்மா வெள்ளிக்கெழமைதான் வருவா. சந்தைக்குத்தான் போகணும். நான் போகமாட்டேன். நாளைக்குப் பாவமெல்லாம் எம்மேலன்னு சொல்லுவீக."

பிள்ளை நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டு, வெயிலில்லாத வேளையில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போய், அரைக் கட்டி வாங்கி வந்தார்.

மறுநாள் பந்தியில் பேச்சே இல்லை. சபைத் தலைவர் துவையலை மூன்றாம் முறை கேட்டு வாங்கி, இலையை வழித்துவிட்டு, "சுத்த சைவக் கையிலே வர்ற ருசியே தனி லா!" என்றார். முப்பது தலைகளும் ஆடின. அடுத்த வெள்ளியன்று பிள்ளை காரியதரிசியானார்.

விருந்தன்று அவரே ஐந்து முறை சோறு போடச் சொன்னார். அப்துல் கஃபார் ராவுத்தர் மேல் கொடுத்த மனுக்களைத் திரும்பப் பெறவில்லை.