எழுதாத பரீட்சை

பொத்தேரியில் என்ஜினியரிங் படிக்கும் ஜான்சிக்கு ஒரே பயம்தான், கண்ணுகளா. அரியர் விழுந்தால் உதவித்தொகை நின்றுவிடும், அதோடு படிப்பும் நின்றுவிடும். "எழுதி ஃபெயிலாவுறதுக்கு எழுதாமலே வுட்டுடுடி, அது அரியர்ல சேராது" என்று சீனியர் அக்கா சொன்னதை நம்பி, மேத்ஸ் பரீட்சைக்கே அவள் போகவில்லை.

"எழுதலன்னாலும் அரியர்தாம்மா," என்றார் ரிசல்ட் வந்த அன்று கல்லூரி அலுவலகத்து சார். "நாளைக்கு அப்பாவோட வந்து காரணம் சொல்லு. உதவித்தொகைய நிறுத்த வேணாம்னு மேல கேட்டுப் பாக்கலாம். ஒரே சான்ஸ்தான்."

சொல்ல என்ன காரணம் இருக்கிறது? திருமுடிவாக்கம் பட்டறையில் வேலையிலிருந்த அப்பாவை அழைத்தாள்.

"இன்னா கண்ணு, பாஸா?" லேத் மெஷின் இரைச்சலுக்கு மேல் அவர் கத்தினார்.

"பரீட்சையே எழுதலப்பா. பயந்துட்டேன்."

லேத் நின்றது.

"நாளைக்கும் இதையே சொல்லு," என்றார். "நான் பக்கத்துல நிக்கறேன்."