கழுவி வைத்த மில்

அளக்க வருகிறார்கள் என்றதும் மில்காரர் செய்த முதல் காரியம், மாவு மில்லை நிறுத்தியதுதான். அப்பா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தில் அப்படி. பெரிய மனிதர் யார் வந்தாலும் மெஷினை நிறுத்தி, தூசி தட்டி, நாற்காலி போடுவார்கள். இந்த முறை மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டார். தானியம் கொண்டுவந்தவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சுவரைக்கூடக் கழுவினார்கள். மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

ரோட்டை அகலப்படுத்த மில்லை எடுக்கிறார்கள். ஓடுகிற தொழில் என்றால் தொழில் நஷ்டத்துக்கும் சேர்த்துப் பணம் வரும். வேறெங்காவது ஒரு மில் போட்டுப் பிழைக்கலாம். மூடிக்கிடப்பது என்றால் மண்ணுக்கும் செங்கல்லுக்கும் மட்டும்தான் விலை. இது அவருக்குத் தெரியும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

வந்த அதிகாரி உட்காரவில்லை. மெஷினுக்குள் விரல் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பொட்டு மாவு இல்லை. 'தொழில் இயங்கவில்லை' என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.

எதிர்த்துப் பேசினால் வருவதும் வராமல் போகுமோ என்ற பயத்தில் மில்காரர் பேனாவை வாங்கியேவிட்டார். மனைவி பார்த்த பார்வையில்தான் கை நின்றது.

“சார், உங்களுக்குப் பயந்துதான் நிறுத்தி வச்சேன்.”

“நான் பாக்குறதத்தான் எழுத முடியும்.”

மனைவி பேச்சை வளர்க்கவில்லை. வீட்டுக் கோதுமையை மூட்டையோடு கொண்டுவந்து கொட்டி, சுவிட்சைப் போட்டாள். பெல்ட் முனகியது. ஓடாமல் கழுத்தறுத்துவிடுமோ என்று மில்காரர் செத்துப் பிழைத்தார். பிறகு தரை அதிர்ந்தது, மாவு கொட்டியது. அதிகாரியின் பேன்ட் முழங்கால்வரை வெளுத்தது. சத்தம் கேட்டு, திரும்பிப் போனவர்களில் இரண்டு பேர் பாத்திரத்தில் தானியத்தோடு வந்து நின்றார்கள்.

அதிகாரி முன்பு எழுதியதை அடித்துவிட்டு 'இயங்குகிறது' என்று எழுதினார். மில்காரர் இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டார். அறுபது நாளில் காலி செய்ய வேண்டும் என்று அதிகாரி சொல்லிப் போனார்.

இவ்வளவு நேரம் பணம் வராதோ என்றுதான் பயந்தார். வரும் என்றானதும், மில் போகப்போகிறது என்பது உறைத்தது. மெஷினைப் பிடித்துக்கொண்டார். கோதுமை தீர்ந்து, மனைவி நிறுத்தப் போனாள்.

“நிறுத்தாத,” என்றார். “அவங்க தானியத்தப் போடு.”