பதினேழாம் பத்திக்கு ஓர் உதாரணம்

கிளெனிஸ் எழுதிய பதினேழாம் பத்தி அலஸ்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வினையே அதில்தான் வந்தது.

வெலிங்டனில் சட்டச் சீர்திருத்தக் குழுவின் நான்காம் மாடி. தெற்குக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஒருவர் சொத்தை மற்றவர்களுக்காக ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைக்கும் டிரஸ்ட் பற்றி ஐம்பதுகளில் எழுதிய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதப் போகிறார்கள். மற்ற நாடுகளில் என்ன வழக்கம் என்று ஒப்பிட்டுச் சொல்வது கிளெனிஸின் வேலை. 'இந்தச் சொத்தில் உனக்கும் பங்கு உண்டு' என்று பொறுப்பாளர் பயனாளியிடம் சொல்லியே தீர வேண்டுமா? சில நாடுகளில் கேட்காமலே சொல்ல வேண்டும். சிலவற்றில் கேட்டால் சொன்னால் போதும். சில தீவுகளில் மூடி மறைக்கவே சட்டம் வழிவிடுகிறது. எட்டு மாதம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டு அவள் எழுதினாள்: சொல்வதே கடமை, ஆனால் குடும்ப அமைதி கெடும் என்று பொறுப்பாளர் நல்லெண்ணத்தோடு கருதினால், சொல்லாமல் இருக்கலாம்.

"ரொம்ப மனுஷத்தனமா இருக்கு, கிளெனிஸ்," என்றார் குழுத் தலைவர் அலஸ்டர். "ஒரு உதாரணம் மட்டும் சேத்துடுங்க. ஒரு குடும்பத்த வச்சுச் சொன்னாத்தான் ஜனங்களுக்குப் புரியும்."

உதாரணமா! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

அப்பா இறந்து பத்து வருஷம். காஸில்பாயிண்ட் கடற்கரைக் குடில் குடும்ப டிரஸ்டில் இருக்கிறது. பொறுப்பாளர் கிளெனிஸ். 'என் பிள்ளைகள் எல்லோருக்கும்' என்பது பத்திரம். அந்த எல்லோரில் ராவிரியும் உண்டு. அப்பாவுக்கு வேறொருத்தியிடம் பிறந்தவன், தச்சன். அம்மா மனசு நோகுமே என்று அப்போது அவனிடம் பங்கைப் பற்றிச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள். அம்மா போயே நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் யார் மனசு நோகும்? குடிலைத் தனதென்றே நினைத்துப் பழகிவிட்டாள், அவ்வளவுதான். அப்பாவின் சவ அடக்கத்தன்று, "அப்பா எனக்குன்னு ஏதாவது சொன்னாரா அக்கா?" என்று கேட்டான். அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கொடுத்தாள். குலுங்கிக் குலுங்கி அழுதான், பாவி மனுஷன்.

அதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் வந்து சாவி கேட்பான். இரண்டே ராத்திரி தங்குவான். ஒழுகும் கூரையைச் சரிசெய்வான். கிளம்பும்போது குளிர்பெட்டியில் சிங்கி இறால் வைத்துவிட்டுப் போவான், விருந்தாளி மாதிரி. அந்த இறாலை அவள் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

உதாரணத்தை அரை மணியில் எழுதிவிட்டாள். பெயரை மட்டும் மாற்றினாள். கூரையை மாற்ற மனம் வரவில்லை.

வெள்ளி மதியம் ராவிரியே சாவிக்கு அலுவலகம் வந்துவிட்டான். சட்டையெல்லாம் மரத்தூள். அவள் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மேசையில் கிடந்த தாளை எடுத்துவிட்டான். பிடுங்கலாம் என்று அவள் கை எழுந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"என்னக்கா, சட்டம்னு பாத்தா கத மாதிரி இருக்கு!" என்று சிரித்தான். "வருஷா வருஷம் சொந்த வீட்டுக்கே சாவி கேட்டு வாங்கறானா? சரியான ஏமாளியா இருப்பான் போல. கூரைய வேற..."

சிரிப்பு நின்றது. மறுபடி முதல் வரியிலிருந்து, விரல் வைத்துப் படித்தான்.

"அந்த அக்கா நல்லெண்ணத்தோட மறைச்சான்னு போட்டிருக்கே. அத யாரு சொன்னா?"

"நான்தான். பொய், ராவிரி."

அவன் சாவியைத் தாளின் மேல் வைத்தான். அவள் அதை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஞாயித்துக்கிழம திருப்பித் தர வேணாம். என்னிக்குமே வேணாம். உன்னுதும்தான் அது. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

ராவிரி சாவியைத் தொடவில்லை. மணிக்கட்டிலிருந்து, அன்று அவள் கொடுத்த அப்பாவின் கடிகாரத்தின் வாரை மெல்ல அவிழ்த்தான். வெயில் படாத அந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. கடிகாரத்தைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தான். அது ஓடிக்கொண்டிருந்தது.