ஊதா மைக்கு அடியில்

லோரீன் மை தொட்ட பிரஷ்ஷை வாழ்த்துக் கார்டின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேகமாக. சனிக்கிழமை என்பதால் தபால் ஆபீஸ் மதியமே மூடிவிடும். அதற்குள் இந்தக் கார்டு முடிந்து, காய்ந்து, உறைக்குள் போயாக வேண்டும். இன்று போகாவிட்டால் ஹாலோவீனுக்குள் மகள் மரேன் கைக்குக் கிடைக்காது.

முதலில் மஞ்சள். அதன் மேல் ஆரஞ்சு. ஓரங்களில் ஊதா. நடுவில் மட்டும் நிலா வெளிச்சம் போல மஞ்சள் மிஞ்ச வேண்டும். ஊதாவை வலது மூலைக்கு இழுத்தபோதுதான் கை நின்றது.

மூலையில் ஒரு வெள்ளைத் திட்டு. மை அங்கே மட்டும் பிடிக்கவில்லை.

இன்னும் அழுத்தித் தேய்த்தாள். சுற்றிலும் கறுத்ததே தவிர, திட்டு அப்படியே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

கையில் தடவிய க்ரீம் தாளில் பட்டால் இப்படி ஆகும். ஆனால் கார்டு செய்கிற நாளில் அவள் க்ரீமைத் தொடவே மாட்டாள். காகிதத்தில் குறையா? அடுத்த தாளை எடுத்து ஊதாவைத் தேய்த்துப் பார்த்தாள். சீராகப் பிடித்தது. மேல் தாளில் மட்டும்தான் கோளாறு.

"காருக்கு பெயின்ட் அடிக்கிறியா, கார்டுக்கா?" சமையலறைத் தொட்டி முன்னால் நின்று பூசணிக்காயைக் குடைந்துகொண்டிருந்தான் அவள் கணவன் ரோலண்ட். திரும்பாமலே கேட்டான்.

லோரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். வேறு தாளில் ஆரம்பிக்க நேரமில்லை. எப்படியும் அந்த மூலையில் பேய் வீடு ரப்பர் ஸ்டாம்ப் வரப்போகிறது, மறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஒரே படத்துக்கு இரண்டு ஸ்டாம்ப். முதலாவது வீட்டின் உடம்பு, சாம்பல் மையில். இரண்டாவது கூரை, ஜன்னல், கதவு எல்லாம் கறுப்பில். ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் வைத்து எடுத்தாள்.

திட்டின் மேல் கறுப்பு மை துளித்துளியாக நின்றது. டிஷ்யூவால் ஒற்றினாள்.

கதவுக்கு முன்னால் ஒரு குட்டிப் பேய் நின்றுகொண்டிருந்தது. முக்காடு, இரண்டு கண், தட்டுவதற்குத் தூக்கிய ஒரு கை.

கார்டை விளக்கடியில் சாய்த்தாள். பேய் பளபளத்தது. விரலுக்கு லேசாக மேடு தட்டியது. இது குறையல்ல, வேலை. நிறமில்லாத பசை மையில் ஸ்டாம்ப் வைத்து, மேலே பொடி தூவி, சூட்டுக் காற்றில் உருக்கியிருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது. மேலே வண்ணம் ஏறினால்தான் முகம் காட்டும்.

யார் வேலை? இந்தக் காகிதக் கட்டை அவள் வாங்கியதே இந்த வாரம்தான். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ரோலண்டுக்கு ஸ்டாம்ப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. அதைவிடக் குழப்பியது இன்னொன்று. அவள் எப்போதும் வலது மூலையில்தான் வீட்டை வைப்பாள் என்பது இந்தப் பேய்க்கு எப்படித் தெரியும்?

அது தெரிந்தவள் மரேன் ஒருத்திதான். அவள் தூரத்து நகரமான மினியாபோலிஸில் நர்ஸிங் படிக்கிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை. படிப்பு பிடிக்கவில்லை என்று அவள் அழுத அன்று, பாதியில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று லோரீன் கத்தியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைத் துடைக்கத்தான் இந்தக் கார்டு.

வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று ரோலண்டிடம் கேட்டாள். யாரும் வரவில்லை என்றான். கொஞ்சம் பொறுத்து, மீட்டர் பார்க்கிற ஆள் வந்தான் என்றான்.

"மீட்டர் பாக்க வந்தவன் என் மேஜைல உக்காந்து பேய் அடிச்சிட்டுப் போனானா?"

ரோலண்ட் பூசணி விதைகளை ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தான். வறுக்கப் போகிறவன் யாரும் அப்படிக் கழுவமாட்டான்.

மரேன் வந்திருந்தால் ஏன் தங்கவில்லை? கோபம் தீரவில்லை என்றால் ஏன் பேய்? கோபம் தீர்ந்துவிட்டது என்றால் ஏன் இப்படி ஒளிந்து? எதுவும் பிடிபடவில்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கார்டை உறையில் போட்டு, பேனாவைத் திறந்து, மகளின் பெயரை எழுதினாள். அதன் கீழே ஹாஸ்டல் பெயரின் முதல் எழுத்தை எழுதும்போது ஈரக் கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அத எழுதாதே," என்றான் ரோலண்ட். "நீ கண்டுபிடிச்சாத்தான் சொல்லணும்னு சத்தியம் வாங்கிட்டா. வியாழக்கிழமை நீ வேலைக்குப் போனதும் வந்தா. ஒரு மணி நேரம் இங்கயே உக்காந்திருந்தா."

"மினியாபோலிஸ்லேர்ந்தா? அவ்ளோ தூரமா?"

ரோலண்ட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தூரம்லாம் இல்ல, லோரீன். படிப்ப விட்டு ஒரு மாசம் ஆச்சு. என் தங்கச்சி நடீன் வீட்லதான் இருக்கா. ரெண்டு தெரு தள்ளி."