வெட்டுப்பட்ட கடிதம்

நகரசபைக் கூட்டத்தைக் கைப்பேசியில் நேரலையாகக் காட்டுவதுதான் செய்தியக்காவின் பிழைப்பு. அவள் வேலை பார்த்த நாளிதழை இழுத்து மூடிய பிறகு தொடங்கியது இது. மூன்று வருடமாகப் பார்வையாளர் வரிசையில் அவள் ஒருத்திதான். நேரலையைப் பார்க்கிறவர்களும் மிஞ்சிப்போனால் நூற்றைம்பது பேர்.

போன கூட்டத்தில் எடுத்த ஒரு துண்டுப் படம் மட்டும் சக்கைப்போடு போட்டது. செருப்புக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் அதில், "அந்தத் தெருவுக்கு இந்த வருடம் விளக்கு கிடையாது. இருட்டிய பிறகு மக்கள் வெளியே வராமல் இருந்தால் போதும்" என்கிறார். பொழுது சாய்வதற்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்து, அவரைக் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். செய்தியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை முழுப் பதிவை ஓட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. உறுப்பினர் கையில் ஒரு கடிதம். தெருவுக்கு விளக்கு கேட்டதற்கு மின்பிரிவு அனுப்பிய பதிலை அவர் ஆத்திரத்தோடு வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து இந்த மகராசி, நேரலையில் வந்த கருத்துகளுக்குக் குனிந்து பதில் எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு அகலப் படத்தைக் கைப்பேசிக்கேற்ற நெட்டைப் படமாக வெட்டியபோது, கடிதம் பிடித்த கை ஓரத்தோடு போய்விட்டது.

"சத்தமில்லாம அழிச்சிடு. வெளியில சொன்னா நாளைக்கு உன்னை எவன் நம்புவான்?" என்றான் கணவன்.

"அழிச்சா அவர் மானம் திரும்பி வந்துடுமா?"

அவள் போனபோது செருப்புக் கடையில் ஈ காக்கை இல்லை. உறுப்பினர் அட்டைப்பெட்டிகளை எடுத்து எடுத்து அதே இடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேண்ணே."

"நேத்தே தொண்டை கிழியச் சொன்னேன், ஒருத்தரும் நம்பலை. எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? பார்த்தவங்ககிட்டச் சொல்லு."

கடைக்குள் நின்றபடியே நேரலை போட்டாள். முழுப் படத்தையும் காட்டினாள். "வெட்டினது நான். கவனிக்காததும் நான். இவர் மேல ஒரு தப்பும் இல்லை." ஒரு மணி நேரத்தில் பார்த்தவர்கள் முந்நூற்று நாற்பது பேர். விஷயம் காதில் விழுந்ததுமே, துண்டுப் படத்தால் புதிதாகச் சேர்ந்தவர்களில் அறுநூறு பேர் அவள் பக்கத்தை விட்டே விலகினார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த முந்நூற்று நாற்பது பேரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் படத்தை நிறுத்திப் பெரிதாக்கி, கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதிப் போட்டார். இன்னொருவர் மின்பிரிவின் பக்கத்துக்கே போய் விளக்கம் கேட்டார். இருட்டுத் தெருக்காரர்களின் குழுவில் இரண்டு நாளாக இதே பேச்சு.

அடுத்த கூட்டத்துக்குச் செய்தியக்கா போனபோது பார்வையாளர் வரிசையில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் தொடங்கியதும் அவர்களில் ஒரு நர்ஸ் எழுந்தாள். அந்த இருட்டில்தான் தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிறவள்.

"பார்வையாளர்கள் பேசக் கூடாது" என்றார் தலைவர்.

"தெரியும்ங்க. ஒரே நிமிஷம்." உறுப்பினரைப் பார்த்துத் திரும்பினாள். "உங்களை நாக்கூசாமத் திட்டி எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி. அதை ஊர் பார்க்க எழுதினேன். அதான் இதையும் ஊர் பார்க்கச் சொல்றேன். மன்னிச்சுக்கோங்க."

உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். தலைவர் அவரையும் பார்த்தார், அந்தப் பதினான்கு பேரையும் பார்த்தார்.

"சரி, விளக்கு விஷயத்தையே முதல்ல எடுத்துக்கலாம்" என்றார். செய்தியக்கா அழுதுகொண்டே படம் பிடித்தாள்.