முயல்பூ

அன்று எனக்கு நாக்கில் சனி.

ஏழாம் வகுப்பு அறிவியல் தேர்வில், 'முயல், செம்பருத்தி: ஒப்பிடுக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தேன். எல்லோரும் நடுவே கோடு போட்டு, முயல் நகரும், செம்பருத்தி நகராது என்று எழுதியிருந்தார்கள். ஜன்னலோரப் பெஞ்சுப் பெண் மட்டும், 'இரண்டும் மூச்சு விடும். இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். பயந்தால் இரண்டும் சத்தம் போடாது' என்று எழுதியிருந்தாள். முட்டை போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். விடைத்தாளைக் கொடுக்கும்போது ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன்.

"ஏம்மா, முயலும் பூவும் அண்ணன் தங்கச்சியா? அப்போ நீ யாரு, முயல்பூவா?"

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். அவள் விடைத்தாளை நான்காக மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மதியச் சாப்பாட்டின்போது ஆசிரியர் அறையில் இதையே ஜோக்காகச் சொன்னேன். தமிழ் டீச்சர் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க வேறுபடுத்துகன்னு கேக்கலையே டீச்சர். ஒப்பிடுகன்னா ஒத்துமையும் எழுதலாமே."

"மத்த பிள்ளைங்க எல்லாம் வித்தியாசம்தான் எழுதினாங்க."

"அவங்க நீங்க வழக்கமா கேக்குறதை எழுதியிருக்காங்க. இவ நீங்க கேட்டதை எழுதியிருக்கா."

அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொல்லி, முட்டையை அடித்து ஐந்து போட்டேன். "பரவால்ல மிஸ்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து இதயத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து கேள்வி கேட்டுக்கொண்டு வந்தேன். அவள் முறை வந்தது.

"முயல்பூ, நீ சொல்லு."

வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது. ஆனால் வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. வாரம் முழுக்க அவர்கள் அவளை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது பழகிப்போன பெயராகிவிட்டிருந்தது.

அவள் எழுந்து, "நாலு அறை மிஸ்" என்று சரியாகப் பதில் சொல்லிவிட்டு நின்றாள்.

உடனே அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி உட்காரச் சொல்ல நினைத்தேன். பெயர் வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருக்க, மேஜைமேல் கிடந்த வருகைப் பதிவேட்டைத் திறந்து தேடினேன்.