கை படாத உப்பு

மாடி அறையிலிருந்து அந்த அலறல் கேட்டதும் விடுதியில் இருந்த அத்தனை பேரும் முதலில் கடலைத்தான் பார்த்தார்கள். சுனாமி வந்து ஐந்து மாதம் ஆகியும் பெரிய முதலியார்சாவடியில் யார் சத்தம் போட்டாலும் அப்படித்தான். சமையல்கார சுப்ராயன் கரண்டியோடு வாசலுக்கு ஓடினான். கடல் அதன் இடத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட பிறகே அம்சவள்ளி ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள்.

சென்னையிலிருந்து வந்து மூன்று வாரமாகத் தங்கியிருக்கும் ரேணுகா கட்டிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஊதா நிறப் பட்டுத்துணி. மெத்தைமேல் படம் போட்ட சீட்டுக்கட்டு.

"இத யார் தொட்டது?"

அம்சவள்ளிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. மறைக்கும்படி எதுவும் நடந்ததாகவும் அவளுக்குத் தெரியவில்லை. தலையணை உறை மாற்றும்போது அடியிலிருந்த பொட்டலம் அவிழ்ந்து ஒரு சீட்டு தரையில் விழுந்தது. எடுத்து முந்தானையில் துடைத்து, கட்டின் மேலேயே வைத்து, துணியை நாலாக மடித்துச் சுற்றி வைத்தாள். விழுந்த சீட்டில் ஒருத்தன் பத்துக் கழிகளை மாரோடு அணைத்து, முகம் புதைந்து, குனிந்து நடந்துகொண்டிருந்தான். சும்மாடு கட்டித் தலையில் வைக்காமல் இப்படித் தூக்கினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள். அதையும் சொன்னாள்.

ரேணுகா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். டாரட் சீட்டு என்றால் கடையில் வாங்கிய அன்றே பேசிவிடாதாம். இருபத்தொரு நாள் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டும். காலையில் முகம் கழுவியதும் ஒரு சீட்டை எடுத்து, அது என்ன சொல்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். அதுவரை வேறு கை படவே கூடாது. பழைய கட்டு, விட்டு வந்த புருஷன் வீட்டிலேயே தங்கிவிட்டது. இந்தக் கட்டை நம்பித்தான் குறி சொல்லிப் பிழைக்கலாம் என்று வந்திருக்கிறாள். இன்று பத்தொன்பதாம் நாள். அம்சவள்ளிக்குப் பாவமாகத்தான் இருந்தது, அடுத்த பேச்சைக் கேட்கும் வரை.

"தப்பா எடுத்துக்காத அம்சா. இது ஜாதி, தீட்டு அந்த மாதிரி எல்லாம் இல்ல. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு எனர்ஜி இருக்கு. உன்னோடது இதுல ஏறிடுச்சு, அவ்ளோதான்."

திட்டியிருந்தால் தேவலை. இவ்வளவு தன்மையாகச் சொன்னதுதான் சுட்டது. அம்சவள்ளியின் அம்மா நடவுக்குப் போன வீடுகளில் குனிந்து கையேந்தித்தான் தண்ணீர் குடிப்பாள். செம்பு மேலேயே நிற்கும். அந்த வீட்டுக்காரர்களும் தன்மையாகத்தான் பேசுவார்கள். காலையில் ரேணுகா குடித்த காபி டம்ளரைக் கழுவியது எந்தக் கை? அவள் தலை வைத்துப் படுத்த உறையைத் துவைத்தது எந்தக் கை? ஏன், அந்தப் பட்டுத்துணியையே போன வாரம் அலசிக் காயப்போட்டது எந்தக் கை? அப்போதெல்லாம் ஏறாதது அட்டையில் மட்டும் எப்படி ஏறும்?

கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும். உப்பளத்தில் எட்டு வருஷம் நின்று கண்ணில் ஓயாமல் நீர் வடியத் தொடங்கியபோது, இனி அந்த வெளுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, பார்வை போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் மரக்காணத்திலிருந்து தினமும் பஸ் ஏறி இங்கே வருகிறாள்.

மத்தியானம் மேனேஜர் சக்கரபாணி கூப்பிட்டு விட்டார். மேடம் புஸ்தகத்தில் இதற்கும் வழி போட்டிருக்கிறதாம். மிஷினில் அரைக்காத கடல் உப்பில் ஒரு நாள் முழுக்கக் கட்டைப் புதைத்து வைத்தால் பிறத்தியார் கை பட்டது எல்லாம் போய்விடுமாம். அந்த உப்பும் யாரும் தொடாததாக இருக்க வேண்டுமாம்.

"உங்க ஊர்ல இல்லாத உப்பா? நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடு. யாரும் தொடலன்னு ஒரு வார்த்த சொல்லு, முடிஞ்சுபோச்சு. இல்லன்னா அந்தம்மா ரூம காலி பண்ணிடும். அப்பறம் நான் உன்ன வெச்சுக்க முடியாதும்மா."

பின்கட்டில் சுப்ராயன், "என் கையில என்னா எனர்ஜி இருக்குன்னு கேட்டுச் சொல்லு, நாளையிலேர்ந்து சாம்பார்ல போட்டுடறேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அளத்துக்குப் போனாள். அவள் புருஷன் கொளஞ்சி வாரிய உப்பை வரப்பில் குவித்துக்கொண்டிருந்தான். சுனாமியில் அலை புகுந்து பாத்தியெல்லாம் சேறு. தை மாதம் அதை வழித்து எறிந்துவிட்டு, தரை இறுகும் வரை மிதித்தான். முதலில் மிதித்த தரை பிளந்துவிட, திரும்பவும் மிதித்தான். குதிகாலில் விட்ட வெடிப்பு இன்னும் மூடவில்லை. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"நீ தொட்டா என்னா ஆவுமாம்?"

"சீட்டு உண்மையப் பேசாதாம்."

"இத்தன நாளு பேசிச்சாமா?"

அவ்வளவுதான் கேட்டான். பிறகு குவியலின் நடுவிலிருந்து நல்ல வெள்ளையாகப் பார்த்து அள்ளிப் பையை நிரப்பிக் கொடுத்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் பை மடியில் கனத்தது. சக்கரபாணி சொன்ன ஒரு வார்த்தையை வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். யாரும் தொடலைங்க மேடம். அனுமந்தையில் ஒரு தரம், கூனிமேட்டில் ஒரு தரம். ஒவ்வொரு தரமும் டியூப் சுற்றிய அந்தக் குதிகால்தான் கண்முன்னால் வந்து நின்றது.

ரேணுகா குளித்துவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்தைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். அம்சவள்ளி பையை நீட்டினாள். ரேணுகாவின் கை பாதி தூரம் வந்து நின்றது.

"கீழ வெச்சிடு அம்சா. நானே எடுத்துக்கறேன்."

அம்சவள்ளி குனிந்து தரையில் வைத்தாள். நேற்று அவள் துடைத்த தரை. கதவோரம் நின்றிருந்த சக்கரபாணி, சொல்லிவிடு என்பதுபோலத் தலையை ஆட்டினார். ரேணுகா பையைத் திறந்தாள். உள்ளே உப்பு கண்ணைக் கூச வைக்கும்படி மின்னியது.

"யார் கையும் படாத உப்புதானே?"

அம்சவள்ளி நிமிர்ந்தாள்.

"கை படலைங்க மேடம். எங்க வீட்டுக்காரரு தை மாசத்துலேர்ந்து காலாலதான் மிதிச்சாரு."